ஆமாசாமியும் அலமாரியும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: மெத்தைக் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் தலை நரைக்கும்வரை குப்பை கொட்டிய ஆமாசாமி என்பவர், ஒரு திங்கட்கிழமை காலையில் தன்னைத் தானே கண்டுபிடித்துவிட்டார். மனிதகுல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய இந்த நிகழ்ச்சி நடந்த இடம், அவர் வீட்டுக் குளியலறை.

பொறிப்பதற்கு முன் ஒரு சின்ன இடைஞ்சல். வெளியிலிருந்து மனைவி கதவைத் தட்டினாள்.

"ஏங்க, உள்ள யாரு?"

"நான்தான்."

"அது தெரியும். கூட யாரு?"

ஆமாசாமி பற்களுக்கிடையே குறுக்காகக் கடித்திருந்த பென்சிலை அவசரமாக எடுத்தார். "யாரும் இல்லியே. குழாயில தண்ணி விழுற சத்தமா இருக்கும்."

"தண்ணியா 'இல்ல, இல்ல'ங்குது? குழாய்ல தண்ணியே வராது, மோட்டார் போடலன்னு சொல்லத்தான் வந்தேன்."

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது புழங்கியதில்லை. மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், மேனேஜர் மெத்தையை ஒரு தட்டுத் தட்டி, "மெத்தையில குறையே இல்ல. நீங்க படுக்கறதுலதான் குறை" என்பார். பிறகு பக்கத்தில் திரும்பி, "என்ன சொல்றீங்க?" என்பார். "ஆமாம் சார்" என்பது ஆமாசாமியின் வேலை. முழு வேலையும் அதுதான். மற்ற நேரத்தில் மெத்தைகளுக்கு நம்பர் ஒட்டுவார்.

இப்படி நிம்மதியாக இருந்த மனிதரைக் கெடுத்தது கம்பெனியேதான். ஊழியர்களை ஊக்குவிக்கக் கோட்டுப் போட்ட ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் மேடையில் குதித்துக் குதித்து, "உங்களுக்குள் ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்! அவனை எழுப்புங்கள்!" என்று முழங்கினார். மெத்தை விற்கும் இடத்தில் சொல்லக்கூடிய பேச்சா இது? கூட்டத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தபடியால் ஆபத்தில்லை. விழித்திருந்த ஆமாசாமி மாட்டிக்கொண்டார்.

அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்தவன் பள்ளிக்கூடப் பையன். ஒருமுறை பள்ளிக்கு ஒருவர் மடியில் பொம்மையோடு வந்தார். உதட்டை அசைக்காமல் பேசுகிற வித்தைக்காரர். பொம்மை தலைமை ஆசிரியரை வாய்க்கு வந்தபடி திட்டியது. தலைமை ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். பொம்மை திட்டினால் யாரும் அடிப்பதில்லை என்ற விஷயம் பையனின் நெஞ்சில் ஆழமாக இறங்கியது. பெரியவனானால் இதுதான் என் வேலை என்று வீட்டில் வந்து சொன்னான். கையில் பொம்மை இல்லாமல் சொன்னதால் அடி விழுந்தது.

அந்தப் பையனைத்தான் இப்போது குளியலறையில் எழுப்பிக்கொண்டிருந்தார். வாளி வெந்நீரின் ஆவியில் மங்கிவிடுகிறதென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, சுவர்க் கண்ணாடியின் முன் நின்று பேசிப் பார்த்தார். உதடு ஆடவில்லை, அசையவில்லை. கோயில் சிலை மாதிரி நின்றது. ஒரே ஒரு சிக்கல். 'ஆமாம்' என்று சொல்ல உதட்டை மூடித்தான் ஆக வேண்டும். 'இல்ல' என்பதற்கு உதடே வேண்டாம். ஆயுள் முழுக்கச் சோறு போட்ட சொல் வித்தைக்கு உதவவில்லை. ஒருநாளும் சொல்லாத சொல் வழுக்கிக்கொண்டு வந்தது.

முதல் பரீட்சை மறுநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. எதிரே மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன்; அந்த ரெண்டு நாள் எந்தக் காலண்டரிலும் முடிகிற மாதிரி தெரியவில்லை. சோபாவில் அவன் படுக்கும் இடத்தில் ஆள் அச்சு விழுந்திருந்தது.

ஆமாசாமி குனிந்த தலையை நிமிர்த்தாமல், குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜ் இருந்த மூலைக்கு வீசினார்.

"எத்தன நாள்தான் இங்கயே இருக்கறது?"

மனைவி அவர் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

"கேட்டியாடா? ஃப்ரிட்ஜ் ஏதோ கேக்குது."

"கேட்டேன்க்கா" என்றான் தம்பி, தட்டிலிருந்து கையை எடுக்காமல். "ஆனா ஃப்ரிட்ஜ்தானே கேக்குது. மாமா கேக்கலையே. மாமா தன் வாயால சொல்லட்டும், இந்த நிமிஷம் கெளம்பறேன். என்ன மாமா?"

"சேச்சே! நீ இரு மாப்ள" என்றார் மாமா.

வித்தை பலித்துவிட்டது, மைத்துனன் நகரவில்லை. ஃப்ரிட்ஜ் பேசும் வீட்டை விட்டுவிட்டு எவன் போவான் என்று தலையணையையும் எடுத்துச் சமையலறைப் பக்கமே வந்துவிட்டான்.

ஆனாலும் ஆமாசாமிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டையே ஏமாற்றியாகிவிட்டது! அன்றைக்கு ஆபீஸில் ஒரு அம்மாள், நடுவில் தொட்டில் கட்டின மாதிரி தொய்ந்த மெத்தையோடு வந்து நின்றாள். மேனேஜர் தட்டினார். குறையில்லை என்றார். திரும்பினார்.

"என்ன சொல்றீங்க?"

ஆமாசாமி வாயைத் திறப்பதற்குள் மெத்தை பதில் சொல்லிவிட்டது.

"இல்ல. உள்ள இருக்கறது கழிச்ச ஸ்பாஞ்சு."

மேனேஜர் ஆமாசாமியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கி விரிந்தது. பிறகு ஏனோ குனிந்து மெத்தையிடம், "கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார்.

"அறுத்துத்தான் பாருங்களேன்!"

அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஸ்பாஞ்சின் தூரத்து உறவுகூட இல்லை. அந்த அம்மாளுக்குப் புது மெத்தை போயிற்று. ஸ்பாஞ்சு சப்ளை செய்தவனுக்குக் கல்தா போயிற்று. ஆமாசாமிக்கு உயிரே போயிற்று. மெத்தையை ஆராய்ந்தால் தன்னிடம் வந்து நிற்பார்களே! சந்தேகத்தை மெத்தையிலிருந்து திருப்ப வேண்டும் என்று, மறுநாள் குரலை மூலையிலிருந்த இரும்பு அலமாரிக்கு மாற்றினார்.

அதுதான் அவர் செய்த பெரிய பிசகு. மெத்தை நாளைக்கு ஒன்று வரும், போகும். அலமாரி நிரந்தர ஊழியர்.

மேனேஜர் எதற்கெடுத்தாலும் அலமாரியைக் கேட்க ஆரம்பித்தார். "அலமாரி என்ன நினைக்குது?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை அதன் பக்கம் போட்டுக்கொண்டு காத்திருப்பார். அலமாரியும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் பேசும். புது டிசைன் மட்டம் என்றது. வாசல் பக்கம் லாரி நிற்கக் கூடாது என்றது. மேனேஜர் வாடிக்கையாளரிடம் பேசும் தோரணை சரியில்லை என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டது. மேனேஜர் முகம் சிவந்தது. "சரி, பார்த்துக்கறேன்" என்று அலமாரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

புகார்கள் குறைந்தன. அலமாரிக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். முதலாளி வந்தபோது அலமாரியை மேனேஜர் அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, "நீங்க கூடவே இருந்து பார்த்துக்குங்க" என்று ஆமாசாமியிடம் சொன்னார்கள்.

பொறாமை என்றால் என்ன என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாய் இவருடையது, வயிறு இவருடையது, வாழ்வு அலமாரிக்கு! உச்சகட்டமாக, டீ கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் கிளாஸை அலமாரி முன்னால் வைத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

"டீயம்மா! எனக்கு?"

"உங்களுக்கும் அலமாரிக்கும் சேர்த்து ஒண்ணுதான் சார் வரும்."

"அது டீ குடிக்குமா?"

"அத நீங்கதான் சார் சொல்லணும்" என்று போய்விட்டாள்.

அந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்தவர் கண்ணில், ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தும் ஒரு குழுவின் விளம்பரம் பட்டது. பொம்மையைப் பேச வைக்கத் தெரிந்தவர்கள் தேவை. முழு நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் நேரில் வந்து செய்துகாட்ட வேண்டும். இந்த வயதில்? வேலையை விட்டுவிட்டா? நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டால்? உள்ளே தூங்கிய பையன் எழுந்து உட்கார்ந்தான். பெரியவர் அவனைப் பிடித்துப் படுக்க வைத்தார். இப்படியே மூன்று நாள் மல்லுக்கட்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி காய்கறிகளை ஃப்ரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் மேஜையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவரைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"ஏ ஃப்ரிட்ஜு, நாலு நாளா ஒரு மாதிரியா இருக்கியே. மனசுல என்ன?"

கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லிய குரலில் சொன்னது.

"மேடை ஏறணும்னு ஆசை. சின்ன வயசுலேர்ந்து."

"ஏறறதுதானே?"

"பயமா இருக்கு."

அவள் கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். "நான் ரெண்டு வருஷம் தையல் மிஷின் ஓட்டிச் சமாளிச்சுக்குவேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. இந்த ஆசைய வெச்சுக்கிட்டுப் பக்கத்துல படுத்துப் புரண்டு புரண்டு என்னையும் தூங்க விடறதில்ல மனுஷன்." கதவைச் சாத்தினாள். "அப்புறம், போகும்போது நல்ல சட்டை போட்டுட்டுப் போகச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை ஆமாசாமி நல்ல சட்டை போட்டார். பையில் புதுப் பொம்மை. சட்டைப்பையில் ராஜினாமா. வாசலைத் தாண்டியவர், திரும்ப உள்ளே வந்து, சமையலறையில் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்த மைத்துனன் முன் நின்றார். குரலை எங்கும் வீசவில்லை.

"மாப்ள, எழுந்திரு. இன்னிக்குக் கெளம்பிடு."

தம்பி எழுந்து உட்கார்ந்து அவரை நிமிர்ந்து பார்த்தான். "அப்பாடா, கேட்டுட்டீங்களா மாமா!" என்று பையைத் தேட ஆரம்பித்தான்.

ஆபீஸில் எல்லோரும் மேனேஜர் அறையில் கூடியிருந்தார்கள். அலமாரியோடு வாராந்தரக் கூட்டம். மேனேஜர் வழக்கம்போல அலமாரியைப் பார்த்து, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"இந்தப் பக்கம் பாருங்க சார்" என்றார் ஆமாசாமி. "அலமாரி சொல்லல. நான் சொல்றேன். நான் வேலைய விடறேன். பொம்மைய வெச்சு வித்தை காட்டப் போறேன். இன்னொண்ணு. இத்தன நாள் இங்க பேசினது அலமாரி இல்ல. மெத்தையும் இல்ல. எல்லாம் நான்! உங்க தோரணை சரியில்லன்னு சொன்னதும் நான்தான்!"

சொல்லிவிட்டு, யாராவது மயக்கம் போட்டு விழுந்தால் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றார். யாரும் விழவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டார்கள் என்று அவருக்குப் பரிதாபமாக இருந்தது. மேனேஜர் ராஜினாமாவை வாங்கிப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

"உங்கள இழக்கறது கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். ஆனா மனுஷன் வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறப்ப தடுக்கக் கூடாது. போயிட்டு வாங்க."

கைதட்டல் எழுந்தது. ஆமாசாமி கலைஞர் ஆகிவிட்டார். பையிலிருந்து பொம்மையை எடுத்து மடியில் வைத்து, எல்லோருக்கும் பொம்மை வாயால் நன்றி சொன்னார், வணக்கம் சொன்னார், அலமாரியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் டீயம்மா வந்தாள். அன்றைக்குக் கிளாஸை அலமாரி முன் வைக்காமல் அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எப்படி டீயம்மா இருந்துது வித்தை? உள்ளதச் சொல்லணும்."

டீயம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு பொம்மையைப் பார்த்துச் சொன்னாள்:

"நேராப் பார்த்துக் கேட்டா 'ஆமாம் சார்'னுடுவீங்களேன்னுதான் நாங்க எல்லாரும் அலமாரியப் பார்த்துட்டிருந்தோம். அங்க டிக்கெட் வாங்கினவங்க உங்க மூஞ்சியத்தான் பார்ப்பாங்க. மொத நாள்லேர்ந்தே உதடு நல்லாவே அசையுது சார்."