எடை மெஷினின் அடியில் ஒரு திருகு

குளியலறை வாசலில், எடை மெஷின் மேல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார் விளக்குக்காரர்.

"என்ன காட்டுது?"

மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நின்ற இடத்திலேயேதான் முள் நின்றது. போதாக்குறைக்கு ஒரு மயிரிழை முன்னேறியும் இருந்தது.

"முதல்ல மூச்சை விடுங்க."

"விட்டா கூடிடுமா?"

"மூச்சு என்னங்க கல்லா, மண்ணா?"

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். அப்புறம் மெஷினை விட்டு இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதான். என் கதை முடிஞ்சுது. இனிமே அந்த ஸ்டோர் ரூம்ல பல்புக்குக் காவல் இருந்தே என் காலம் போயிடும்."

தெருவிளக்கு ரிப்பேர் செய்கிறவர்களில் அவரைப் போல மேலே போக ஆசைப்பட்ட ஆள் கிடையாது. ஆளைக் கம்பத்து உயரத்துக்கு ஏற்றிவிடும் தூக்கி வண்டியின் கூடையில் ஏறி நின்று, கை நீளத்தில் விளக்கை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். சாயங்காலம் தெரு முழுக்க விளக்குகள் பளிச் பளிச்சென்று எரியும்போது, ஏதோ தானே வீடு வீடாகப் போய் ஏற்றிவைத்த மாதிரி பூரித்துப்போவார்.

அப்படிப்பட்டவர் கால் எலும்பை முறித்துக்கொண்டார். கம்பத்திலிருந்து விழுந்திருந்தால் கௌரவம். சொந்த வீட்டுச் சமையலறையில் பல்பு மாற்ற முக்காலியில் ஏறி விழுந்தார். கூட வேலை செய்கிறவர்கள் பழக்கூடையோடு பார்க்க வந்து, வாசலிலேயே சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மாவுக்கட்டோடு படுத்திருந்த அந்த மாதத்தில்தான் அவருடைய அம்மாவும் போய்ச் சேர்ந்தார். கட்டிலை விட்டு இறங்க முடியாமல் பெற்றவளை வழியனுப்பியது அவரை ரொம்பவே உடைத்துவிட்டது. யார் என்ன ஆறுதல் சொன்னாலும் தலையாட்டுவார். தலையாட்டிக்கொண்டே பிஸ்கட் சாப்பிடுவார். கட்டைப் பிரித்தபோது காலைத் தவிர எல்லாம் பெருத்திருந்தது.

கூடையின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ஆள் எடை தொண்ணூறு கிலோவுக்கு மேல் கூடாது. வேலைக்குத் திரும்பிய அன்று, கடைத்தெருவில் நல்ல கூட்ட நேரத்தில், அவர் உள்ளே காலை வைத்ததும் கூடை 'ஙொய்ங்' என்று அலறியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாள் ஸ்டோர் ரூம்ல பல்பைப் பார்த்துக்குங்க. உடம்பைக் குறைச்சிட்டு வாங்க, இன்னொரு தடவ ஏத்திப் பார்க்கிறேன்," என்றார் சூப்பர்வைசர். "அன்னிக்கும் இது கத்துச்சுன்னா கூடையை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். எனக்கும் வேற வழியில்ல."

அன்றிலிருந்து காலை நடை, அரை வயிறு, ஞாயிறு தோறும் எடை. முதலில் கொஞ்சம் இறங்கியது. பிறகு அவருக்கு ஒரு காய்ச்சல், அதற்குப் பின் பழைய பிஸ்கட், பழைய சோகம். இதோ இப்போது தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"நாளைக்கு நடக்கப் போகலாம், எழுந்திருங்க," என்றாள் மனைவி.

"எதுக்கு? நடந்தாலும் அதே எடை, படுத்தாலும் அதே எடை. படுத்தாவது கிடக்கிறேன்."

அவளுக்குப் பகீரென்றது. நூலகத்தில் வேலை பார்க்கிறவள் அவள். ஒரு பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இந்த மனுஷன் இப்போது மூடினால் மூடினதுதான்.

அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து மெஷினைக் குப்புறக் கவிழ்த்தாள். அடியில் முள்ளை முன்னே பின்னே நகர்த்துகிற ஒரு குட்டித் திருகு இருந்தது. 'சாமி, என்னை மன்னிச்சுடு' என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கம் கொஞ்சம் திருகினாள். நிமிர்த்தி வைத்தாள். முள் நகர்ந்ததா என்று உற்றுப் பார்க்க மூக்குக்கண்ணாடி கையில் இல்லை. தானே ஏறிப் பார்க்கலாம்தான். ஆனால் அந்த மெஷினில் ஏறுவதில்லை என்று, அது வீட்டுக்குள் வந்த நாளிலேயே அவள் முடிவு செய்திருந்தாள். காரணம் அவள் சொந்த விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேண்டாவெறுப்பாக ஏறினார். வாரம் முழுக்கக் கோபத்தில் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"என்னங்க! இறங்கியிருக்கு!"

"பொய் சொல்லாத."

"நீங்களே பாருங்க!"

பார்த்தார். இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தார். சட்டையைக் கழற்றிவிட்டு மூன்றாவது முறையும் பார்த்தார். அன்றைக்கு மத்தியானமே பழைய நடை செருப்பைத் தேடி எடுத்துவிட்டார்.

'அடேங்கப்பா, ஒரு பொட்டுத் திருகுக்கு இவ்வளவு சக்தியா!' என்று அவள் வியந்துபோனாள்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. காலையில் நடை, சாயங்காலம் நடை. ஸ்டோர் ரூமுக்கு லிப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினார். தன் பங்கு பிஸ்கட்டை எல்லாம் மாமனாரின் தட்டில் தள்ளினார். பெண்ணோடு தங்கியிருந்த மாமனாரும் மாப்பிள்ளையின் வைராக்கியத்தைப் பாராட்டியபடியே அவற்றைத் தின்று தீர்த்தார்.

அவர் இவ்வளவு பாடுபடும்போது முள் இறங்காமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம். அதனால் சனிக்கிழமை தோறும் இடப்பக்கம் ஒரு திருகு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டில் கொண்டாட்டம்.

பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. எடை குறைந்தால் பேண்ட் தொளதொளக்க வேண்டுமே! இடுப்பு இறுக்கிப் பிடித்தால் குட்டு உடைந்துவிடும். உட்கார்ந்து அவருடைய பேண்ட் எல்லாவற்றின் பின்தையலையும் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டுத் தைத்தாள்.

மறுநாள் அவர் வேலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ் நடுக்கூடத்துல கழண்டு விழுந்துடுச்சு!"

"ஐயையோ! யாராவது பார்த்தாங்களா?"

"எல்லாரும் பார்த்தாங்க! சூப்பர்வைசரும் பார்த்தார்!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "உடனே கேட்டுட்டேன். 'சார், இன்னும் என்ன ஆதாரம் வேணும், எப்ப ஏத்துறீங்க?'ன்னு. வர்ற வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டார். கடைத்தெருவுல, அதே இடத்துல!"

தையலை அளவுக்கு மீறிப் பிரித்துவிட்டோமே என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கூடையில் திருகு கிடையாது. அது உள்ளதை உள்ளபடி ஊர் கேட்க அலறும்.

ஒரே வழிதான் இருந்தது. வலப்பக்கம் திருகி, முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மைக்குக் கொண்டுவர வேண்டும். 'இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்' என்று அவரே தள்ளிப்போட்டுவிடுவார். வலப்பக்கம் ஒரு திருகு வைத்தாள்.

புதன்கிழமை காலை அவர் ஆசை தாங்காமல் ஏறிப் பார்த்தார். முள் இன்னும் இறங்கி, தொண்ணூறுக்கு நன்றாகக் கீழே நின்றது.

பக்கம் மாறிவிட்டதோ என்று இடப்பக்கம் திருகினாள். வியாழக்கிழமையும் இறங்கியது. எரிச்சலில் இடமும் வலமுமாக நன்றாகத் திருகி வைத்தாள். அதற்கும் ஏறவில்லை. 'இப்படித் திருகினாலும் இறங்குது, அப்படித் திருகினாலும் இறங்குது. சனியன், இதுக்குப் பேய் பிடிச்சிருக்கா?' என்று மெஷினை முறைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் சீருடையைத் தேய்த்து மாட்டி, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கி, தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னக் குரலில் பாட்டு வேறு. அம்மா போனதற்குப் பிறகு அவர் பாடி அவள் கேட்டதே இல்லை. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னங்க, இன்னிக்குப் போகாதீங்க."

"ஏன்? என்ன ஆச்சு?"

"நீங்க இளைக்கவே இல்ல. நான்தான் திருகினேன்."

"எதை?"

எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். திருகு, பேண்ட், இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாம். அவர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ இத்தனை நாளும் நான் நடந்தது?"

"உங்க மனசு விட்டுப்போயிடக் கூடாதுன்னுதாங்க..."

"பேண்ட் விழுந்தது?"

"நான் பிரிச்சுவிட்டது."

அவர் தலைக்கவசத்தை மடியில் வைத்து உருட்டினார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"உன்னை மட்டும் சொல்லி என்ன? ஸ்டோர்ல ஒரு பிறந்தநாள் அன்னிக்கு நானும் கேக்கை ஒரு கை பார்த்துட்டேன். உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு, நானும் ஒரு தடவ அதைத் திருகி வச்சேன்."

"ஐயோ, நீங்களுமா! அப்போ இன்னும் கூடுதலா இருக்குமே!"

"மருந்துக்கடை மெஷின்ல போய்ப் பார்ப்போமா?"

"அவன் கடை திறக்கிறதுக்குள்ள உங்க வண்டி வந்துடுமே!"

வந்தேவிட்டது. வாசலில் தூக்கி வண்டி ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால் பழைய கூட்டாளிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒருவர் மாலை வேறு வாங்கிவந்திருந்தார்.

"அவங்க முன்னாடி இன்னொரு தடவ அது அலறினா நான் தாங்க மாட்டேம்மா," என்றார் விளக்குக்காரர். "போன் பண்ணி, கூடையை வேற ஆளுக்கே கொடுத்துடச் சொல்லிடறேன். நமக்குக் கொடுத்துவச்சது அவ்வளவுதான்."

அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தப்போன நேரம், கக்கத்தில் பேப்பரோடு மாமனார் உள்ளே வந்தார். மகள் அழுவதையும் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கோலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாசல்ல வண்டி நிக்குது, இங்க என்ன ரெண்டு பேரும் இழவு விழுந்த மாதிரி?"

"அப்பா, எல்லாம் என்னாலதான். மெஷின் அடியில இருக்கிற திருகைத் திருகித் திருகி, இவருக்குப் பொய் எடையா காட்டி..."

மாமனார் பேப்பரை மேஜையில் போட்டார். வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதைத் திருகி என்னம்மா ஆகப்போகுது? மெஷின் வந்த அன்னிக்கே என் கால் இடறி அது கவிழ்ந்து, அந்தத் திருகு முறிஞ்சு கையோட வந்துடுச்சு. நீ திட்டுவியேன்னு என் பல்செட் பசையை வச்சு சும்மா ஒட்டி வச்சிருக்கேன், அது உள்ளே ஒண்ணையும் தொடவே தொடாது!"