மாமாவுக்கு விஹான் என்று பேர் வந்த கதை

மீசை வைத்த ஆம்பளை சில கதைகளைப் படிக்கக்கூடாது என்று எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எனக்கு மீசை இருக்கிறது. சாதாரண மீசை இல்லை, பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் என் பேர் தெரியாதவன்கூட "அந்த மீசைக்கார டெம்போ" என்றுதான் அடையாளம் சொல்வான். அப்படிப்பட்ட நான், டெம்போ நிறைய தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு, காதில் வயரைச் செருகிக்கொண்டு, பேய்க் காதல் நாவல் கேட்டுக்கொண்டு போகிறவன். சோகமான இடம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி அழுதுவிட்டுத்தான் மறுபடி எடுப்பேன். (கண்ணில் தூசி என்று சொல்லிவிடுவேன். நெடுஞ்சாலையில் தூசிக்கா பஞ்சம்?)

இந்தப் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தது என் அக்கா மஞ்சுளா. பொம்மிடியில் வாக்கப்பட்டவள். அவளுக்குப் பிள்ளை இல்லை, அதனால் என்னையே கடைசிவரை பிள்ளை மாதிரி மிரட்டிக்கொண்டிருந்தாள். புத்தகமாகத்தான் முதலில் படித்துக்கொண்டிருந்தாள். உடம்புக்கு முடியாமல் போய், மாத்திரைகளால் கண் மங்க ஆரம்பித்ததும், போனில் ஒரு சேனலைக் கண்டுபிடித்தாள். ஒரு பெண் இந்த மாதிரி நாவல்களை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். நடுநடுவே காற்று ஊளையிடும், நாய் அழும், கொலுசு கேட்கும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பகுதி வரும்.

நாங்கள் கேட்ட கதையின் பேரைச் சொல்ல மாட்டேன், சிரிப்பீர்கள். ஏற்காட்டில் ஒரு பங்களா. அதில் நாலு அண்ணன் தம்பிகள். நாலு பேரும் முந்நூறு வருசமாக உயிரோடு இருக்கிறவர்கள், ஆனால் பார்க்க இருபத்தெட்டு வயசு. மூன்றாமவன் பேர் விஹான். அவன் மேல் யாழினி என்ற, பேங்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் காதல், கல்யாணமும் ஆகிவிடுகிறது. அவள் மாமியார் செத்து ஆவியாகி அந்த வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறாள். நல்ல ஆவி. மருமகள் வேலைக்குப் போனபிறகு மாவெல்லாம் ஆட்டி வைத்துவிடும்.

"மாதேசு, செத்தப்பறமும் மாவாட்டணுமாடா? பொம்பளைக்கு விடிவே இல்லையா?" என்பாள் அக்கா, பகுதி முடிந்ததும் போன் போட்டு.

"உனக்குப் பொறாமைக்கா. உங்க மாமியா உசுரோட இருந்தப்பவே ஆட்டல."

"வைடா போனை!" என்பாள். வைக்க மாட்டாள். கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு மணி நேரம் பேசுவோம்.

அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. "வெள்ளிக்கெழமை அதுவுமா வெளக்கு வெச்சமா சாமி கும்புட்டமான்னு இல்லாம, பேய்க் கதை என்னாத்துக்கு? பொழப்பத்ததுங்களா" என்று ரெண்டு பேரையும் சேர்த்தே திட்டுவாள்.

கடைசிக்கு முந்தின பகுதியில் யாழினி செத்துப்போனாள். அக்கா அப்போது சேலத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காதில் வயரை மாட்டிக்கொண்டுதான் கேட்டோம். முடிந்ததும் அவள் காதிலிருந்த வயரைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"அவ திரும்பி வருவாளாடா?"

"வராம? செத்த மாமியாளே மாவாட்டுது, இவ வர மாட்டாளா?"

"அடுத்த வாரம் எனக்குக் கேக்க முடியுமோ என்னமோ. வந்துட்டாளான்னு மட்டும் எனக்குச் சொல்லிரு சாமி."

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி வந்தது. அக்கா இல்லை. போன் திரையில் அது வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அமுக்க விரல் போகவில்லை. அவள் கேட்காத முடிவை நான் எப்படி முதலில் கேட்பது?

அம்மா அழவே இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்றாலும் விட மாட்டாள், கையில் திணிப்பாள். குடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நிற்பாள். "பெத்தவளுக்குக் கல்லு மனசு" என்று சொந்தக்காரர்கள் காபியைக் குடித்துக்கொண்டே பேசினார்கள். அழாமல் இருந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று பெரியப்பா பயந்தார். எனக்கும் பயம்தான். ராத்திரி எல்லாம் முழித்தே கிடந்தாள். அக்காவுக்குப் பின்னாலேயே இவளும் போய்விடுவாளோ என்று இருந்தது.

காரியத்தன்று பொம்மிடியில் மாமா வீட்டில் படையல். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், செல்வராஜ். வாயில்லாத மனுசர். அக்காவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தோம். கோழிக் குழம்பு, வடை, பன்னீர் சோடா, புதுச் சேலை. எங்கள் வழக்கத்தில், கற்பூரம் காட்டியதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள். அதுவரை வெளியே யாரும் மூச்சுக் காட்டக்கூடாது. சித்த நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

எல்லாம் வைத்தாயிற்று, ஒன்று மட்டும் வைக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

எல்லாரும் வெளியே போகும்போது நான் கடைசி ஆளாகப் பின்தங்கினேன். போனை எடுத்துக் கடைசிப் பகுதியைப் போட்டேன். சத்தத்தைக் குறைத்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று, அக்கா படத்துக்குப் பின்னால் காலியாக இருந்த எவர்சில்வர் போசிக்குள் அதை இறக்கி வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். அக்கா கேட்கட்டும், பிறகு நான் கேட்டுக்கொள்கிறேன் என்று கணக்கு.

டெம்போவில் சத்தம் பத்தவில்லை என்றால் போனைத் தூக்கி டம்ளருக்குள் போடுகிற ஆள் நான். பாத்திரத்துக்குள் வைத்தால் சத்தம் ஒன்றுக்கு மூன்றாகும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம். அதுவும் அன்றைக்குப் பார்த்து மறந்துபோயிற்று.

வெளியே முப்பது பேர் கை கட்டி நின்றோம். முதலில் காற்று அடித்தது. உள்ளேதான். யாரோ "மழை வருதா?" என்று மேலே பார்த்தார்கள். அப்புறம் கொலுசுச் சத்தம் கேட்டது. ஜல்... ஜல்...

பெரியப்பாவின் கை தானாகத் தலைக்கு மேலே போய்க் கும்பிட்டது. போசி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா..." என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல். "நான்தான் அம்மா. அழாதீர்கள். நான் எங்கும் போகவில்லை."

அக்கா உயிரோடு இருந்தவரை 'போகவில்லை' என்று ஒரு தரம்கூடச் சொன்னவள் இல்லை. 'போவல' என்பாள். அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. (செத்தால் தமிழ் சுத்தமாகிவிடும் என்று நினைத்ததாகப் பெரியப்பா பிறகு சொன்னார்.)

அம்மா நடந்து போய்க் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டியா கண்ணு? சாப்புட்டியா?"

உள்ளே வயலின் வாசித்தது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில ஒரு வாய் காபி கேட்டியேடி. டாக்டர் வேண்டான்னுட்டாருன்னு நான் குடுக்கல. பாவி, நான் குடுத்திருக்கலாம். கடைசியா கேட்டதைக் குடுக்காம அனுப்பிட்டனே, என் தங்கமே..."

அத்தனை நாள் உள்ளே கிடந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். அந்தக் காபியெல்லாம் ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எனக்கு எந்தக் குறையும் இல்லை அம்மா" என்றது குரல்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் அவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது. சரி, இப்படியே போகட்டும், அம்மா மனசு ஆறட்டும், யாருக்கும் தெரியாமல் போனை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முருகா, இதோடு நிறுத்து என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏனென்றால் என் விஹான் என்னோடு இருக்கிறான்" என்றது குரல்.

முப்பது தலையும் மாமா பக்கம் திரும்பியது.

"அவனுடைய குளிர்ந்த மார்பில் சாய்ந்திருக்கிறேன். எத்தனை ஜென்மம் எடுத்தாலும் அவன் ஒருவனே என் கணவன்."

"விகானா? எந்த ஊருப் பையன்?" என்று பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

மாமா முகத்தைப் பார்த்தேன். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கோபமே இல்லை. "அப்படியா மஞ்சு?" என்று கேட்கிற மாதிரி, அடி வாங்கின பிள்ளை மாதிரி நின்றார். ஒரு வருசமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவளைத் தூக்கிச் சுமந்த மனுசர்.

சொன்னால் அம்மாவிடமிருந்து அக்கா மறுபடி போய்விடுவாள். சொல்லாவிட்டால் மாமாவிடமிருந்து அக்கா ஒரேயடியாகப் போய்விடுவாள். என் மீசை எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

"மாமா, அது அக்கா இல்லீங்க. என் போனு" என்றேன்.

"வாயை மூட்றா! தெய்வமா வந்து நிக்கறா, போனாம் போனு" என்று பெரியப்பா சீறினார்.

"அய்யோ பெரியப்பா, நெசமாத்தானுங்க. கதைங்க அது. விஹான்ங்கறவன் ஆளே கெடையாதுங்க. முந்நூறு வயசுங்க அவனுக்கு!"

"முந்நூறா?" என்றார் மாமா. இன்னும் கலங்கிப்போனார்.

நல்ல வேளையாக உள்ளிருந்தே சாட்சி வந்தது. வயலின் சட்டென்று நின்றது. அதே குரல், ஆனால் இப்போது ரொம்ப உற்சாகமாக: "வணக்கம் நண்பர்களே! நம்ம சேனலைப் புதுசா கேக்கறவங்க மறக்காம பெல் பட்டனை அழுத்திருங்க!"

மாமா தட்டாமலே கதவைத் திறந்து உள்ளே போனார். போசிக்குள் கையை விட்டுப் போனை எடுத்துக்கொண்டு வந்தார். அதை நிறுத்தத் தெரியாமல் அம்மா கையில் கொடுத்தார். நான் வாங்கி நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் கேப்பீங்களே, அந்தப் பேய்க் கதையா?"

"ஆமாம்மா. இது கடைசிப் பகுதி. அக்கா கேக்கல. முடிவு சொல்லச் சொல்லுச்சு. எனக்கும் தெரியாது, நானும் கேக்கல. அதான் உள்ள..." கண்ணீர் மீசை மேலெல்லாம் ஒழுகியது.

அம்மா போனோடு எழுந்து, நேராக உள்ளே போனாள்.

"மொதல்ல இருந்து போட்டுக் குடு" என்றாள்.

"அம்மா..."

"கடைசியா கேட்டதுல ஒண்ணையாவது குடுத்துட்டுப் போறன். போட்றா."

போட்டுக் கொடுத்தேன். அவளே அதைப் போசிக்குள் வைத்தாள். படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் காபியும் கொண்டுவந்து வைத்தாள், ஆவி பறக்க. வெளியே வந்து கதவைச் சாத்தினாள். "முடியற வரைக்கும் யாரும் பேசக்கூடாது" என்றாள்.

முப்பது பேரும் மறுபடி கை கட்டி நின்றார்கள். காற்று, கொலுசு, குளிர்ந்த மார்பு, பெல் பட்டன் எல்லாம் வரிசையாக வந்தது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. விஹான் வந்த இடத்தில் மாமா மட்டும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார், போனால் போகட்டும் என்கிற மாதிரி. என்னால் தாங்க முடியவில்லை. தெருவில் நின்ற டெம்போவில் போய் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அம்மா மட்டும் கதவில் காதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றதை அங்கிருந்து பார்த்தேன். கடைசியில் அவள்தான் கதவைத் தட்டித் திறந்தாள்.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் மாமாவுக்குப் பேர் விஹான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் "விஹானுக்கு ரசம் ஊத்துங்க" என்பார்கள். அவரும் நிமிர்ந்து பார்க்கிறார், இலையைக் காட்டுகிறார். என்னைப் பார்த்தால் குஞ்சு குளுவான்வரை "பெல் பட்டனை அழுத்தியாச்சா?" என்கிறது. மார்க்கெட்டிலும் பரவிவிட்டது. மீசைக்கார டெம்போ போய், இப்போது நான் பேய்க்கதை டெம்போ. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அம்மா எனக்குப் போன் போட்டு, இந்த வாரப் பகுதி வந்துவிட்டதா என்று அதட்டுகிறாள்.

அன்றைக்குப் பொம்மிடியிலிருந்து திரும்பும்போது டெம்போவில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வண்டி கடத்தூர் தாண்டியது. அப்புறம் நான்தான் கேட்டேன்.

"யாழினி கடைசில உசுரோட திரும்பி வந்துட்டாளாம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வந்துட்டா சாமி. ரோட்டைப் பாத்து ஓட்டு."

அந்தக் கடைசிப் பகுதி இன்னும் என் போனில்தான் இருக்கிறது. அம்மா சொன்னது நிஜமா என்று நான் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.