பதினொன்றுக்குள் கீரனூர்

"கார் இல்லைங்க சார்" என்றார் லாட்ஜ் மேசையில் உட்கார்ந்திருந்த எழிலரசன்.

"இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு கார்கூடவா இல்லை?"

"கார் இருக்கு சார். எல்லாத்துலயும் மாலை போட்டிருக்கும். ஆவணி முகூர்த்தம், அதுலயும் ஞாயித்துக்கெழமை. எங்க மொதலாளி காரையே மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவரு இப்பதான் ஆட்டோ பிடிச்சுப் போறாரு."

வசந்தகுமார் சென்னையிலிருந்து இரவு ரயிலில் புதுக்கோட்டைக்கு வந்து இறங்கியிருந்தார். அவர் தொழில் சின்ன லோடு வேன்கள் விற்பது. வேன் விற்கப் போகிறவர் கையில் ஒரு வண்டியும் இல்லை என்பது லாட்ஜ் மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

மூன்று மாதமாக அவர் ஒரு வேனும் விற்கவில்லை. "இந்த ஆர்டரையாவது முடிச்சுட்டு வா. இல்லேன்னா திங்கக்கிழமை ஆபீஸ் பக்கம் வந்துடாதே" என்று மேலாளர் கோபிநாத் வழியனுப்பியிருந்தார்.

ஆர்டர் தருவதாக இருந்தது ஒரு மகளிர் குழு. திருச்சி போகும் வழியில் இருக்கும் கீரனூருக்கு வெளியே, ரயில்வே கேட்டைத் தாண்டி, புதிதாகப் பிளாட் போட்ட ஒரு நகரில் கடலை மிட்டாய் தயாரிக்கிறார்கள். கடைகளுக்குச் சரக்கு அனுப்ப ஒரு வேன் வாங்கலாமா என்று யோசனை. ஞாயிறு பதினொரு மணிக்குக் கூட்டம். வசந்தகுமார் குழுத் தலைவி செல்வராணிக்குப் போன் போட்டார்.

"மேடம், எனக்குக் கார் கிடைக்கலை. கூட்டத்தை மத்தியானத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா?"

"அப்ப வண்டியில்லாமத்தான் வரணுமா?"

"ஆமா மேடம். ஊர் வேற எனக்குப் புதுசு."

"செத்த இருங்க."

போனுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ "அது நல்ல யோசனைதான்" என்றார்கள். பிறகு செல்வராணியின் குரல் வந்தது.

"தள்ளி வைக்க வேணாங்க. பதினொன்னுக்குள்ள வந்து சேர முடியுதா இல்லியான்னு பாருங்க. அத வெச்சுத்தான் நாங்க ஒரு முடிவுக்கு வரணும்."

வசந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். டையை இறுக்கிக் கொண்டு, பையைத் தூக்கிக் கொண்டு, பேருந்து நிலையத்துக்கு ஓடினார்.

புதுக்கோட்டையில் திருச்சி பஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பஸ்கள் இரண்டு வகை. ஒன்று எல்லா ஊரிலும் நிற்கும். இன்னொன்று எங்கும் நிற்காது. எது எது என்று முன்கண்ணாடியில் எழுதித்தான் இருக்கும். ஆனால் உள்ளூர்க்காரர்கள் அதைப் படிப்பதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பார்கள். காலடியில் பூக்கூடை, கீரைக்கட்டு, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிய கோழி என்று இருந்தால் அது நின்று நின்று போகும் பஸ். கிளம்புவதற்கு முன்பே எல்லாரும் தூங்கிவிட்டிருந்தால் அது நிற்காத பஸ். பலகை பொய் சொன்னாலும் கோழி சொல்லாது.

வசந்தகுமார், எல்லாரும் நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினார்.

"கீரனூர் ஒண்ணு."

கண்டக்டர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இது ஒன் டு ஒன்னு சார். திருச்சியிலதான் கதவு தொறக்கும்."

"ஐயையோ. நான் பதினொன்னுக்குள்ள கீரனூர்ல இருக்கணுமே."

பக்கத்தில் தூங்கியவர் விழித்துக் கொண்டார். அவருக்கு முன்னால் இருந்தவரும் விழித்தார். தூங்கிக் கொண்டிருந்த பாதி பஸ் எழுந்து வசந்தகுமாரின் பிரச்சினையை எடுத்துக் கொண்டது. ஒருவர் திருச்சி போய்த் திரும்பி வரலாம் என்றார். ஒருவர் கீரனூரில் என்ன வேலை, யார் வீடு, கல்யாணமா என்று விசாரித்தார். கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்.

"டோல்கேட்டுல வண்டி எப்படியும் நிக்கும். அங்க எறங்கிக்கங்க. பின்னாடியே டவுன் பஸ்ஸு வருது. எங்கிட்டும் போயிறாம அங்கனயே நில்லுங்க." சொன்னதோடு விடவில்லை. போனை எடுத்து அந்த டவுன் பஸ் கண்டக்டரையே கூப்பிட்டார். "அண்ணே, டோல்கேட்டுல நீலச் சட்டை, டை கட்டி ஒருத்தர் நிப்பாரு. ஊருக்குப் புதுசு. ஏத்திக்கங்க."

சென்னையில் தன் எதிர்வீட்டுக்காரர்கூடத் தன்னைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில்லை என்று வசந்தகுமார் நினைத்துக் கொண்டார்.

ஆனால் டோல்கேட்டில் நிற்க அவருக்குப் பொறுமை இல்லை. டவுன் பஸ் கண்ணில் படவில்லை. அப்போது முன்னால் வாழைமரம் கட்டிய ஒரு வேன் வேகம் குறைந்தது. உள்ளே பட்டுச்சேலைகள்.

"கீரனூர் போகுமா?" என்று கேட்டார்.

"போகும், போகும். ஏறுங்க."

ஏறினார். கொஞ்ச தூரத்தில் வேன் நெடுஞ்சாலையை விட்டுத் தைலமரக் காட்டுக்குள் திரும்பியது. வசந்தகுமார் டிரைவரின் தோளைத் தட்டினார்.

"கீரனூர் போகும்னீங்களே?"

"போகும் சார். தாலி கட்டி, எல்லாரும் சாப்புட்டு, பொண்ணக் கொண்டு போயி கீரனூர்லதான விடணும்."

மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்க, நான் வண்டி..."

"டிரைவரா? டிரைவருக்கெல்லாம் மொத பந்தியிலயே எடம் போட்டுட்டோம். உக்காருங்க."

பந்தியில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. அது கட்டாயம் இல்லை, அமைப்பே அப்படி. இரண்டு பக்கமும் ஆட்கள், முன்னால் இலை, முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம் பிடித்து நிற்பவரின் வயிறு. வேண்டாம் என்று கையை நீட்டினால் கையைச் சுற்றிக் கொண்டு இட்லி விழுகிறது. அந்த அவசரத்திலும் வசந்தகுமார் ஒன்றைக் கவனித்தார். பரிமாறுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவேயில்லை. ஆனால் சாம்பார் தீரும் இலைக்குச் சாம்பார் வந்தது. பொங்கல் தீரும் இலைக்குப் பொங்கல் வந்தது.

"எதுக்கு சார் கடிகாரத்தையே பாக்குறீங்க?" என்றார் சாம்பார் வாளியோடு வந்த பெரியண்ணன்.

வசந்தகுமார் சொன்னார். பெரியண்ணன் வாளியைச் சாய்த்தபடியே யோசித்தார்.

"இந்நேரத்துக்கு அஸ்வர் பாய் மீன் கொண்டாருவாரு. கல்யாண வீட்டுப் பக்கம் வரமாட்டாரு. பின்னாடி தெருவுல ஹாரன் சத்தம் கேக்கும். அவரு கீரனூருக்குத்தான் போவாரு. கேசரிய முடிச்சுட்டு எந்திரிங்க."

கேசரி முடிவதற்கும் ஹாரன் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

முகமது அஸ்வரின் மொபெட்டில் பின்பக்கம் முழுக்க ஐஸ் பெட்டி. பெட்டிக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு மனிதன் மூச்சை உள்ளே இழுத்தால் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"கொண்டு விடுறேன் சார். ஆனா வழியில நாலு தெரு யாவாரம் இருக்கு. நான் நிறுக்கையில நீங்க ஹாரன அமுக்கி ஒரு சத்தம் குடுத்தீங்கன்னா சீக்கிரம் போயிறலாம்."

முதல் தெருவில் வசந்தகுமார் ஹாரனை அமுக்கினார். தொண்டையைச் சரி செய்து கொண்டு, கம்பெனிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த குரலில், "காலை வணக்கம். இன்று வந்த புதிய மீன்கள்" என்றார்.

கதவுகள் திறந்தன. டை கட்டிய மீன்காரரைப் பார்ப்பதற்கென்றே மூன்று தெருப் பெண்கள் வந்தார்கள்.

"யாரு பாய் இது, புதுப் பார்ட்னரா?"

"மெட்ராஸ் கம்பெனியில போட்டு விட்டுருக்காங்கத்தா."

"அப்ப நல்ல மீனாத்தான் இருக்கும். எனக்குச் சங்கரா ஒரு கிலோ போடுங்க."

மூன்று மாதமாக ஒன்றும் விற்காத வசந்தகுமார் நாலு தெருவில் ஒரு பெட்டி மீனை விற்றுத் தீர்த்தார். ஆனால் ஒவ்வொருவரும் அவரோடு பேசிவிட்டுத்தான் வாங்கினார்கள். நேரம் கரைந்து கொண்டிருந்தது.

காலிப் பெட்டியோடு வண்டி வேகம் எடுத்ததும், "தினமும் கடற்கரைக்கே போய் மீன் எடுத்துட்டு வருவீங்களா பாய்?" என்று கேட்டார்.

"ஜெகதாப்பட்டினம் பக்கம் நான் போயி ரெண்டு வருசமாச்சு. விடியக்காலையில ஏலம் முடிஞ்சதும் மச்சான் பெட்டிய புதுக்கோட்டை பஸ்ஸுல ஏத்திருவாரு. புதுக்கோட்டையில டீக்கடைக்காரரு எறக்கி இந்தப் பக்கம் வார பஸ்ஸுல போட்டுருவாரு. இங்க நான் எடுத்துக்குவேன். காலிப் பெட்டியும் அப்படியே திரும்பிப் போயிரும்."

"நடுவுல தொலைஞ்சு போகாதா?"

"எப்படி சார் தொலையும்? அது யார் பெட்டின்னுதான் எல்லாருக்கும் தெரியுமே."

வசந்தகுமாருக்குள் இருந்த விற்பனையாளர் விழித்துக் கொண்டார். "இருந்தாலும் சொந்தமா ஒரு சின்ன வேன் இருந்தா?"

"வேன் பஞ்சரானா நான் ஓடணும். பஸ்ஸு பஞ்சரானா அவங்கதான ஓடுறாங்க."

வசந்தகுமார் கம்பெனி கொடுத்த கையேட்டை மனதுக்குள் புரட்டினார். பஸ் பஞ்சரானால் என்ன சொல்வது என்று அதில் இல்லை. இந்த ஊரில் யாரும் யாருக்காகவும் தனியாகப் பயணம் போவதில்லை. எப்படியும் போகிறவர்களோடு எல்லாம் சேர்ந்து போய்விடுகிறது. அதை இவ்வளவு சுத்தமாக யார் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள் என்று யோசித்தார். யாரும் போட்டதாகத் தெரியவில்லை. அதுதான் அவரை அசத்தியது.

கீரனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது.

"போச்சு" என்றார் வசந்தகுமார்.

"ஒண்ணும் போகல. கேட்டுக்கு அங்கிட்டு மினி பஸ்ஸு நிக்குது பாருங்க. அது அந்த நகர் வழியாத்தான் போகும்." அஸ்வர் மொபெட்டின் மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். எதிர்ப்பக்கம் மினி பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். நிற்கிறேன் என்று அர்த்தம். நடுவில் ரயில் கடகடவென்று போய் முடியும் வரை அந்தக் கை அப்படியே இருந்தது.

மினி பஸ்ஸில் இருந்த ஒரே காலி சீட்டில் பிளாஸ்டிக் டிரேக்கள் அடுக்கியிருந்தன. எங்கே போக வேண்டும் என்று கேட்டுக் கொண்ட டிரைவர் அவற்றைத் தூக்கி, வசந்தகுமாரை உட்கார வைத்து, டிரேக்களை அவர் மடியில் வைத்தார்.

"செல்வராணி அக்கா மிட்டாய் டிரேதான், கடையிலேருந்து காலியாத் திரும்புது. நீங்க எறங்குற எடத்துலதான் இதுவும் எறங்கணும். பாத்துப் பிடிச்சுக்கங்க."

நெற்றியில் சந்தனம், சட்டையில் மீன் வாசம், கையில் டிரேக்களோடு வசந்தகுமார் கூட்டம் நடக்கும் கொட்டகைக்குள் நுழைந்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

குழுவில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பாதிப் பேர் முகம் தொங்கிப் போய் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரையும் ஒரேயடியாகத் திருப்திப்படுத்த முடியாது என்று வசந்தகுமார் சமாதானம் செய்து கொண்டார்.

"எப்படிங்க வந்தீங்க?" என்றார் செல்வராணி.

வசந்தகுமார் சொன்னார். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தார், முடியவில்லை. தூங்குகிறவர்கள் பஸ்ஸையும், கண்டக்டரின் போனையும், பேசாமல் பரிமாறும் பந்தியையும், மீன் பெட்டியின் பயணத்தையும், ரயிலுக்கு அந்தப் பக்கம் நீட்டியபடியே இருந்த கையையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலே மாறிவிட்டது. சொந்தக் கம்பெனியின் வேனைப் பற்றி அவர் இப்படிப் பேசியதே இல்லை. கை தட்டியவர்கள் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பையி, பேப்பரு எல்லாம் பத்திரமா வந்துருச்சுங்களா? எதுவும் ஒடையல, தொலையலையே?"

"எதுவும் தொலையலை மேடம். சாப்பாடுகூட ஆயிடுச்சு. உங்க டிரே மட்டும்தான் எக்ஸ்ட்ரா." பிறகுதான் அவருக்கு வந்த காரியம் நினைவுக்கு வந்தது. அவசரமாகப் பையைத் திறந்தார். "ஆனா பாருங்க, இவ்வளவு அலைச்சல் எதுக்கு? சொந்தமா ஒரு வேன் இருந்தா..."

"இருக்கட்டுங்க. மொதல்ல டீ குடிங்க" என்றார் செல்வராணி அன்பாக. "வேன் இப்பக்கி வேணாம்னு முடிவாயிருச்சு."

வசந்தகுமாரின் கை பைக்குள்ளேயே நின்றது. திங்கட்கிழமையும் கோபிநாத்தின் முகமும் கண்முன் வந்தன.

"மேடம், பதினொன்னுக்குள்ள வரணும்னீங்க. நான் ஒரு நிமிஷம்கூட லேட்டா வரலையே?"

முகம் தொங்கிப் போயிருந்தவர்களில் ஒருத்தியான பிளெஸ்ஸிதான், டீ டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அங்கதான் சார் கெடுத்துட்டீங்க, வேன் வேணும், வேணாம்னு நாங்க பாதிப் பாதியா நின்னோம், காலையில ஒங்க போன் வந்ததும், ஊரே தெரியாத நீங்க வண்டியில்லாம நேரத்துக்கு வந்துட்டா வேன் வேணாம், வரலைன்னா ஒங்ககிட்டயே வாங்கிறலாம்னு முடிவு பண்ணியிருந்தோம்."