ஒவ்வொன்றும் உரிமையாளரால் ஊதிப் பார்க்கப்பட்டது

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. தாங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை நலம், தையல் வேலை பார்க்கும் பெண்கள் நலம், தையல் மெஷின்களும் எண்ணெய் போடப்பட்டு நலமாக ஓடுகின்றன. நான் மட்டும் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அதைப் பற்றி விசாரிக்க வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் உங்கள் அத்தையின் கையில் இருக்கிறது. அவள் இப்போது எதிர்க்கட்சி.

விஷயத்துக்கு வருகிறேன். நான் தொடங்கிய முகக்கவசத் தொழிலில், நான் கட்டிய கொட்டகையில், நான் எழுதிய விதியின்படியே, போன வெள்ளிக்கிழமை என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். முழுவதுமாக நீக்கவில்லை, பரிசோதனை வேலையிலிருந்து மட்டும்தான் என்கிறார்கள். ஆனால் நான் பார்த்து வந்த வேலை அது ஒன்றுதான். நம் விதிகளில் இன்னொன்றும் உண்டு. தகராறு வந்தால் மரியாதையான வெளியாள் ஒருவர் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த மரியாதையான வெளியாள் தாங்கள்தான். அதனால் நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். என் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன், அவர்கள் பக்கத்தை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

நான் மர அறுவை ஆலையில் கணக்கு எழுதியவன் என்பது தங்களுக்குத் தெரியும். தூசிக்கு என்று அந்த முதலாளி ஒரு கைக்குட்டை கொடுத்தார், எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. என்னோடு வேலை பார்த்தவர்களில் இருமாமல் தூங்கியவன் ஒருவனும் இல்லை. அதனால்தான் வேலையை விட்டதும், எதையும் வீணாக்காமல் யாரையும் ஏமாற்றாமல் முகக்கவசம் செய்வது என்று முடிவெடுத்தேன். தையற்கடைகளில் வெட்டித் தள்ளும் துண்டுத் துணியை வாங்கி, கொதிக்க வைத்து, மூன்று மடிப்பாகத் தைக்கிறோம். ஒன்று விற்றால் ஒன்று இலவசம், அதைத் தெருவில் குப்பை அள்ளுபவர்களுக்குக் கொடுக்கிறோம். பிளாஸ்டிக் கிடையாது. எலாஸ்டிக்கும் கிடையாது, அது பாதி பிளாஸ்டிக். நான்கு நாடா வைத்துப் பின்னந்தலையில் முடிச்சுப் போட வேண்டும். ஒரு வாடிக்கையாளர் பேருந்தில் உட்கார்ந்தபடி முடிச்சுப் போட்டபோது இருக்கைக் கம்பியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டதாகப் புகார் எழுதினார். முடிச்சு அவிழாதது எங்கள் நாடாவின் தரத்துக்கு அத்தாட்சி என்று பதில் எழுதினேன். பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தோம், மழைக்காலத்தில் மை ஒட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கன்னத்தில் மனை விற்பனை விளம்பரம் பதிந்துவிட்டது. போன் எண்ணும் தெளிவாக விழுந்திருந்தது. இரண்டு பேர் மனையைப் பற்றி டீச்சரிடமே விசாரித்தார்களாம். இதெல்லாம் தொழில் என்றால் வருவதுதான், நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

என் தூக்கத்தைக் கெடுத்தது பரிசோதனை விவகாரம். முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, எதிரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, பலமாக ஊத வேண்டும். சுடர் அணைந்தால் கவசம் ஓட்டை. அணையாவிட்டால் நல்ல கவசம். இதை நானே படித்து, நானே செய்து, நானே தெரிந்துகொண்டேன். மற்ற கம்பெனிக்காரர்கள் நூற்றில் ஒன்றை எடுத்துப் பார்ப்பார்களாம். மீதியைப் போட்டுக்கொள்கிறவன் என்ன பாவம் செய்தான்? நான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் ஊதினேன். இலவசமாகக் கொடுப்பதையும் ஊதினேன், தானம் என்றால் தரம் குறையலாமா? தேறாதவற்றைத் தலையணைக்குள் திணித்தோம், நான் தலை வைத்துப் படுப்பதும் அதில்தான், ராத்திரி முழுக்க நாடா காதைக் குடைகிறது. போன மாதம் எனக்கு ஜலதோஷம் வந்தது. அப்போதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இவ்வளவு செய்துவிட்டு வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து ஒவ்வொரு பொட்டலத்திலும் குத்தினேன். நடுவில் கன்னம் உப்பிய நிலையில் என் படம், சுற்றிலும் ‘ஒவ்வொன்றும் உரிமையாளரால் ஊதிப் பார்க்கப்பட்டது’ என்ற வாசகம்.

தங்கள் நண்பர் பல் டாக்டரைத் தாங்கள்தான் அறிமுகம் செய்து வைத்தீர்கள், அந்த உதவியை மறக்கமாட்டேன். காத்திருக்கும் நோயாளிகளுக்கும் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கும் மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த ஆர்டர் நிலைத்தால் தைக்கிற ஐந்து பெண்களுக்கும் வருடம் முழுக்க வேலை, போனால் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் பெட்டியை நானே சுமந்துகொண்டு போனேன். டாக்டர் ஒரு பொட்டலத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“ஐயா, ஊதிப் பார்க்கப்பட்டதுன்னா? மெஷின்லயா?”

“மெஷினா? நான்தான் டாக்டர்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம. இந்தப் பெட்டி முழுக்க என் மூச்சுதான்.”

“ஊதினதுக்கு அப்புறம் துவைச்சீங்களா?”

“ஊதறதுக்கு முன்னாடியே துவைச்சாச்சு. அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை? தண்ணி என்ன சும்மாவா வருது?”

அவர் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். பிறகு போய்க் கை கழுவினார். பல் டாக்டர்கள் அடிக்கடி கை கழுவுவார்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தைரியம் வரட்டும் என்று, ஜலதோஷத்திலும் நான் வேலையை விடவில்லை என்பதைச் சொன்னேன். அவர் இன்னொரு முறை கை கழுவினார். மறுநாள் பெட்டி கொட்டகைக்குத் திரும்பி வந்தது. எடுத்து வந்த பையன் கையுறை போட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டார்கள். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு, முதலாளிக்கும் ஒன்றுதான் என்ற விதியை எழுதியது நான். எழுதும்போது எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியவில்லை. துணி வெட்டுகிற பெண்மணி முதலில் எழுந்தார். அவரை எல்லோரும் கத்தரிக்கோல் என்றே கூப்பிடுவோம், பேச்சும் அதே வேலையைத்தான் செய்யும்.

“அண்ணே, கோவப்படாதீங்க. டாக்டர் என்ன சொல்றாரு? மாஸ்க் நல்லாருக்கு, ஊதினதுதான் வேணாங்கறாரு. நீங்க வாயை மட்டும் எடுத்துக்கிட்டா போதும், எங்க பொழைப்பு ஓடும்.”

“ஊதாம எப்படித் தெரியும், நல்லதா ஓட்டையான்னு? நாளைக்கு ஒருத்தன் தூசியை முழுங்கினா நீ பதில் சொல்வியா?”

உடனே உங்கள் அத்தை நூல் டப்பாவை மூடிவிட்டுப் பேசினாள். “ஊர்ல எவனாவது சட்டையை ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து, வேர்த்து, அப்புறம் மடிச்சு விக்கறானா?”

“சட்டை உயிரைக் காப்பாத்துதா?”

“நீங்க ஊதின மாஸ்க்கும் காப்பாத்தாது. இருக்கற சளியைத்தான் வீடு வீடா கொண்டுபோய்க் கொடுக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பரிசோதனையின் அருமையை மறுபடி நேரிலேயே காட்டலாம் என்று மெழுகுவர்த்தியை ஏற்றி, எல்லோருக்கும் தெரியும்படி கையை உயர்த்திப் பிடித்தேன். அதே நேரம் பார்த்துக் கத்தரிக்கோல், “அண்ணன் ஊதறதை நிறுத்தணுங்கறவங்க கை தூக்குங்க” என்றார். என் கையையும் எண்ணிவிட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக எழுதி, என்னிடமே கையெழுத்தும் கேட்டார்கள். கையில் மெழுகு சொட்டியதால் போடவில்லை என்று காரணம் சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம் தங்களுக்குப் புரியும்.

அன்றிலிருந்து கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தேநீர் மட்டும் நேரத்துக்கு வருகிறது. உள்ளே ஒரு கவசத்தைக்கூட யாரும் சோதிப்பதில்லை, அடுக்கடுக்காக மடித்து வைக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது அறுவை ஆலையின் அந்த ஒற்றைக் கைக்குட்டை ஞாபகத்துக்கு வருகிறது. ஆகவே மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புறப்பட்டு வாருங்கள். என் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள், டாக்டரிடமும் எடுத்துச் சொல்லுங்கள். முடியாது என்றால் இத்துடன் இணைத்திருக்கும் என் ராஜிநாமாக் கடிதத்தைத் தாங்களே கொட்டகையில் படித்துக் காட்டிவிடலாம். அதன்பிறகு எனக்கு இங்கே என்ன வேலை? தங்கள் வீட்டிலேயே வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுகிறேன். எனக்குத் தனி அறை வேண்டாம், வரவேற்பறை போதும். மெழுகுவர்த்தியை நானே கொண்டு வருவேன்.

தங்களுக்கும் மகளுக்கும் நீண்ட ஆயுளும் சுத்தமான காற்றும் கிடைக்க மனமார வாழ்த்துகிறேன். பேத்திக்கு என் ஆசிகள். அவள் பிறந்தநாள் கேக்கை அவளே ஊதட்டும், நான் தலையிட மாட்டேன்.

கொள்கையில் மாறாத,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போன இடத்தில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கத்தரிக்கோல் ஒரு சைக்கிள் பம்ப் வாங்கி வந்து, அதன் வாயில் முகக்கவசத்தை நம்முடைய நாடாவாலேயே இறுக்கிக் கட்டி, எதிரே மெழுகுவர்த்தியை வைத்திருக்கிறார். “ஒவ்வொரு தடவையும் ஒரே பலத்தோட அழுத்தணும், எங்களுக்குக் கை வரலை, அண்ணன் மாதிரி நிதானமா அழுத்த யாரால முடியும்?” என்றார். இது ஐஸ் வைப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மையும் அதுதான். இன்று காலையிலிருந்து அழுத்துகிறேன், ஒன்று விடாமல். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஆர்டரை இரண்டு மடங்காக்கியிருக்கிறார், புது ஸ்டாம்ப் ஒன்று குத்த வேண்டும் என்பது மட்டும் அவர் நிபந்தனை. படம் என் படமேதான், குறுக்கே ஒரு பெருக்கல் குறி வரும். சுற்றிலும் ‘உரிமையாளரின் வாய் படாதது’ என்று போடச் சொன்னேன், வாசகம் என்னுடையது. ராஜிநாமாக் கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் ஸ்டாம்ப் மாதிரியை அதில் வரைந்து கடைக்கு அனுப்பிவிட்டேன், இணைப்பில் அது இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், வேலை இருக்கிறது. வந்தே தீருவேன் என்றால் பம்புக்கு ஒரு வாஷர் வாங்கி வரவும்.