லாசரஸ் வீட்டு முத்து

லாசரஸ் வீட்டு மீன்தொட்டியில் பாசி முத்து விடுகிறது என்று தபீதாள் சொன்ன காலையில், அவள் கணவன் தயாளனுக்கு இட்லி இறங்கவில்லை.

"முத்துன்னா?"

"இலை நுனியிலே குட்டிக் குட்டியா காத்துக் குமிழுங்க. வெயில் பட்டா மினுக்கு மினுக்குன்னு லோலாக்கு மாதிரி ஆடுதாம். ரத்தினபாய் அக்காதான் சொன்னாங்க."

ரத்தினபாய் லாசரஸின் மனைவி. பக்கத்து வீடு. நடுவில் இடுப்புயரச் சுவர். எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் போன ஈஸ்டருக்கு ஆலயத்தில் தயாளன் பாடவேண்டிய தனிப்பாட்டை லாசரஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தாம்பரத்தில் ஒரே பீச் ரயிலில் ஏறுவார்கள், ஆளுக்கொரு பெட்டியில். லாசரஸ் மூர் மார்க்கெட்டில் மீன்தொட்டி வாங்கினான் என்று கேள்விப்பட்டு, அதைவிட ஒரு சாண் நீளமான தொட்டியை வாங்கி வந்து கூடத்தில் வைத்தான் தயாளன். நீளம் இருந்து என்ன? முத்து அங்கேயல்லவா பிறந்திருக்கிறது!

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. பார்க்காததைத்தான் அது ரொம்பத் துல்லியமாகப் பார்க்கும். ஆபீஸில் பேரேட்டைத் திறந்தால் பாசி. ரயிலில் கண்ணை மூடினால் முத்து.

"குமிழ்தானே வேணும்?" என்று காற்றடிக்கும் மோட்டார் ஒன்றை வாங்கி வந்தான். அது வயிற்றுவலி வந்த வண்டு போல இராப்பகலாக முனகியது. தொட்டி, பொங்கும் ரசம் மாதிரி நுரைத்தது. மீன்கள் மூலையில் ஒண்டின. சேலையூர் ஏரியிலிருந்து கொண்டுவந்த வேலம்பாசி மஞ்சளித்து உதிர்ந்தது.

தபீதாள் கல்யாணத்துக்கு முன் தாவரவியல் படித்தவள். அந்தப் படிப்பு இதுவரை முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் சொல்லத்தான் உதவியிருந்தது.

"ஏங்க, கோலி சோடாவைக் குலுக்கினா என்ன ஆகும்?"

"காஸ் போயிடும்."

"அதையேதான் நீங்களும் பண்றீங்க. பாசிக்குச் சாப்பாடே கரியமில வாயுதான். இருக்கறதையும் மோட்டார் போட்டு வெளியே துரத்திட்டு, பாசி வாடுதுன்னு அழறீங்க. பகல்லே நிறுத்துங்க. இருட்டினா பாசியும் நம்மள மாதிரிதான் மூச்சு விடும். அப்போ மீனுக்காக மெதுவா ஓடட்டும்."

"கரியமில வாயுவுக்கு எங்கே போறது?"

"உங்க மூச்சிலேயே இருக்கே! லாசரஸ் அண்ணன் ஒரு கண்ணாடி டம்ளரைத் தண்ணிக்குள்ளே கவுத்து வெச்சு, ரப்பர் குழாயாலே அதுக்குள்ளே ஊதறாராம். டம்ளர்லே அடைஞ்ச காத்து கொஞ்சம் கொஞ்சமா கரையுமாம்."

"அவன் ஊதினா எனக்கு ஊதத் தெரியாதா? நான் காலேஜ் காலத்திலேருந்து ஊதறவன்!" என்று சட்டைப் பையைத் தட்டினான் தயாளன். பையில் சிகரெட் பாக்கெட் இருந்தது.

தபீதாள் அந்தப் பையைப் பார்த்தாள். சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுடைய அப்பாவின் இருமல் அங்கே காசநோய் ஆஸ்பத்திரியில்தான் அடங்கியது. தயாளன் காலையில் குளியலறையில் இருமினால், தோசை திருப்பும் அவள் கை அப்படியே நின்றுவிடும். கெஞ்சியாயிற்று. அழுதாயிற்று. ஜெபக் கூட்டத்தில் அவன் பேரைச் சொல்லி ஜெபிக்கவும் சொல்லியாயிற்று. சிகரெட் மட்டும் விடவில்லை.

"அதுதாங்க சிக்கல்" என்றாள் வருத்தமாக. "புகையிலைக் கஷாயம் தெளிச்சா ரோஜாச் செடியிலே பூச்சி சாகுதில்லே? புகை பிடிச்ச வாயாலே ஊதினா மீன் தாங்காது. லாசரஸ் அண்ணன் இதுக்காக சிகரெட்டையே விட்டுட்டாராம். உங்களாலே முடியாது, விடுங்க."

"யாராலே முடியாது?"

"ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்குமில்லே?"

பாக்கெட் ஜன்னல் வழியாகப் பறந்தது.

அதற்குப் பிறகு தயாளன் பட்ட பாடு பாசிக்குத்தான் தெரியும். கை சும்மா பையைத் தடவும். வாய் பெப்பர்மிண்டை அரைக்கும். காலையும் மாலையும் கன்னம் உப்ப ஊதினான். ஒரே ஒரு முறை, கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணத்தில், பந்தலுக்குப் பின்னால் நின்று ஒன்றைப் பற்றவைத்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஊதினான். விடிந்தபோது அவன் செல்லமாக வளர்த்த, வால் கிழிந்த கறுப்பு மீனைக் காணோம்.

"செத்துப்போச்சுங்க. முருங்கை மரத்தடியிலே புதைச்சுட்டேன்."

"ஒண்ணே ஒண்ணுதான் பிடிச்சேன், தபீ."

"பாவம், அதுக்கு உயிரும் ஒண்ணே ஒண்ணுதானே."

அவன் அன்று சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து, நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்பு மீன் ஒன்றை அவளே எங்கிருந்தோ வாங்கி வந்து விட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து பார்த்தால், பாசியின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு வெள்ளித்துளி. ஒன்று கழன்று மேலே போனது. அந்த இடத்தில் இன்னொன்று பூத்தது. தயாளன் ஈஸ்டர் பகை, வைராக்கியம் எல்லாம் மறந்து சுவரருகே ஓடினான்.

"லாசரஸ்! வந்து பாருய்யா! எனக்கும் வந்துட்டுது!"

லாசரஸ் சுவரேறிக் கூடத்துக்கு வந்தான். அவன் வாயிலும் பெப்பர்மிண்ட்.

"உனக்குத்தான் எப்பவோ வந்துட்டுதே. இதிலே இன்னா புதுசு?"

"எனக்கா? உனக்குத்தானே முதல்லே வந்துச்சு!"

"எனக்கு இன்னிக்குக் காலையிலேதான்யா வந்துச்சு. உன் தொட்டியிலே முத்து, நீ சிகரெட்டை விட்டுட்டேன்னு ரத்தினபாய் சொல்லித்தானே நான் குழாயைப் பிடிச்சேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது தொட்டிக்குள் சிவப்பு மீன் திரும்பியது.

"அடப்பாவி! இது என் மீனு! நெத்தியிலே புள்ளி. நான் திருட்டு தம் அடிச்சதிலே செத்துப்போச்சுன்னு ரத்தினபாய் புதைச்சாளே!"

தயாளன் சுவரைத் தாண்டினான். லாசரஸ் வீட்டுத் தொட்டியில், கிழிந்த வாலை ஆட்டிக்கொண்டு, அவனுடைய கறுப்பு மீன் சுகமாக நீந்திக்கொண்டிருந்தது.

பின்வாசலில் இரண்டு பெண்களும் ஒரே முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"தபீதாள்! செத்த மீனுக்கு எப்படி உயிர் வந்துச்சு?"

"வேதத்திலே செத்துப் பிழைச்சவங்க பேரையே வெச்சிருக்கோம், நானும் லாசரஸ் அண்ணனும். எங்களுக்கு நடுவிலே ஒரு மீன் பிழைக்கக் கூடாதா?"

ரத்தினபாய் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"வாய்யா லாசரஸ், கடைக்கு" என்றான் தயாளன். "ஆளுக்கு ஒரு பாக்கெட். இவங்க கண்ணெதிரிலேயே பிடிப்போம்!"

"தாராளமா போயிட்டு வாங்க" என்றாள் தபீதாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "யார் முதல்லே பத்த வைக்கிறாரோ, அவர் வீட்டு முத்து முதல்லே நிக்கும். அவ்வளவுதான்."

கடையில் தயாளன் சொன்னான்: "தனிப்பாட்டுக்காரன் நீ. நீயே ஆரம்பி."

"தொட்டி உனக்குத்தான் பெரிசு. நீ முதல்லே."

கடைக்காரர் நீட்டிய கை வலித்து, பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டார். இருவரும் பெப்பர்மிண்ட் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அன்று மாலை தயாளன் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். இனி ஊதுவதில்லை என்று முடிவு செய்திருந்தான். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"லாசரஸ் அண்ணன் ஊத ஆரம்பிச்சுட்டாராம்."

பொய்யாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எழுந்து போய்க் குழாயை வாயில் வைத்துக்கொண்டான்.