கறி விருந்துப் பக்கத்துக்குப் பூட்டு

காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது, கறி விருந்துக்கு வருவதாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பதிந்திருந்தார்கள். பாரி அழைத்தது நூற்றைம்பது பேரைத்தான்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் பாரி, தங்கை மோகனப்பிரியாவின் கல்யாணத்துக்குத் தானே உட்கார்ந்து ஒரு வெப்சைட் செய்திருந்தான். முகூர்த்தப் பக்கம் எல்லாருக்கும். மறுநாள் வீட்டில் நடக்கும் கறி விருந்துப் பக்கம் பங்காளிகளுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் மட்டும். அதற்குப் பூட்டுப் போட மறந்துவிட்டான். அந்த லட்சணத்தில் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டதும் அவனேதான்.

பேக்கிங் பிரிவில் ஒருவர், தலைக்கறி உண்டா என்று கேட்டு எழுதியிருந்தார். இன்னொருவர் ஏழு பேரோடு வருகிறாராம். வருகிறேன் என்றவரை வராதே என்று சொல்ல எந்த வெப்சைட்டிலும் பட்டன் இல்லை. பாரிக்கு அதைச் சொல்ல வாயும் இல்லை.

பெண்ணாடத்துச் சம்பந்திகள் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்துக் கறி தீர்ந்துபோனால், அந்தப் பேச்சைப் பாரியா கேட்கப் போகிறான்? மோகனப்பிரியாதான் பேரன் பேத்தி எடுக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

உடனே பூட்டினான். 'குலதெய்வத்தின் பெயரை இடவும்' என்று போட்டான். பங்காளிகளுக்குத் தெரியும், பேக்கிங் பிரிவுக்குத் தெரியாது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

அம்மா காசியம்மாள் ஒரு தாளோடு வந்து நின்றாள். "எதுக்குள்ள போயி எதப் போடணும்னு முழுசா எழுதிக் குடுடா. கொட்ட எழுத்துல எழுது. யாராச்சும் சொந்தக்காரங்க கேட்டா சொல்லணும்ல."

எழுதிக் கொடுத்தான். அவள் அப்படியே ஆட்டோவில் ஏறி முருகன் கோயிலுக்குப் போனாள், கல்யாணம் நல்லபடியாக நடக்க ஒரு பிராது கட்ட வேண்டுமாம். குறையை எழுதிச் சாமி முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டால் சாமியே விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அம்மா இரண்டு மணி நேரம் வீட்டில் இல்லாததே பெரிய அனுக்கிரகம் என்று பாரி நினைத்தான்.

மதியம் சம்பந்தி நல்லமுத்து போன் செய்தார்.

"தம்பி, நாலு தடவ எங்க சாமி பேரப் போட்டேன். நாலு தடவையும் தப்புன்னு காட்டுது. எங்க சாமி எப்படி தம்பி தப்பாவும்?"

அவர்கள் குலதெய்வம் வேறு என்பது பாரிக்கு அப்போதுதான் உறைத்தது. அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டான். அதற்குள் எண்ணிக்கை இருநூற்று நாற்பது ஆகியிருந்தது. பங்காளிகளைத் தவிர யாருக்கும் பெயரே தெரியாத சாமியைப் போட்டுப் பேக்கிங் பிரிவு எப்படி உள்ளே வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

இரு வீட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஊர்ப் பெரிய கோயில் சாமி பழமலைநாதர் பெயரைப் போட்டான். அம்மா தாளை நீட்டினாள், எழுதிக் கொடுத்தான், ஆட்டோ கிளம்பியது. பழமலைநாதர் இரண்டு வீட்டுக்கு மட்டுமா பொது என்று மாலையில் யோசித்தபோது எண்ணிக்கை இருநூற்றுத் தொண்ணூறு.

மூன்றாவதாக, எந்தச் சாமிக்கும் தெரியாத ஒன்றைப் போட்டான். பைக் எண்ணையும் தங்கை பிறந்த தேதியையும் கலந்து ஒரு நீள எண். அழைத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னான். தொண்டை கட்டிக்கொண்டது. அம்மாவுக்கு மறுபடியும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தான். அவள் மறுபடியும் கோயிலுக்குப் போனாள்.

மறுநாள் முந்நூற்று அறுபத்து மூன்று.

யாரோ உள்ளாள் காட்டிக்கொடுக்கிறான். பாரியின் சந்தேகம் கம்பெனியில் பக்கத்து மேசை அன்பரசன் மேல் விழுந்தது. போன் பேசியதை ஒட்டுக் கேட்டீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டான். சம்பந்தி வீட்டார் தங்கத் தன் வீட்டு மாடியைத் தருவதாகச் சாவியையும் கொடுத்திருந்த அன்பரசன், கையை நீட்டி மாடிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டானா? அத்தை அம்புஜவல்லியிடமும் போய்க் கேட்டான்.

"நான் பொறந்த வூட்டுக்கு வர்றதுக்கு எனக்கு நம்பர் வேற வேணுமாடா?" என்றாள் அத்தை. "நீயே வெச்சுக்க உன் நம்பர."

பட்டியலிலிருந்து ஒரே ஒரு பெயர் குறைந்தது. அது அத்தையின் பெயர்.

பாரிக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவைக் கேட்டான், அந்தத் தாளை யாரிடமாவது காட்டினாயா என்று.

"அழைச்சவங்களத் தவிர ஒரு மனுசங்கிட்ட மூச்சு விடலடா," என்றாள் காசியம்மாள். "உங்கப்பா மேல சத்தியமா."

அம்மா அப்பா மேல் பொய்ச் சத்தியம் செய்யமாட்டாள். பாரி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். கையிலிருந்த போன் ஒலித்தது. புதிதாக ஒரு பதிவு. பெயர், இனியவன். நான்கு பேர்.

நிமிர்ந்து பார்த்தான். அம்மாவை மூன்று தடவையும் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்த ஆட்டோக்காரர் இனியவன், தெருவில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்தபடி போனைத் தடவிக்கொண்டிருந்தார். பாரி எழுந்து போய், அந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

இனியவன் வெள்ளந்தியாகச் சிரித்தார்.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க, 'அழைக்காதவங்க யாரும் உள்ள வரக் கூடாது சாமி'ன்னு அம்மா கட்டின பிராதோட நீங்க எழுதிக் குடுத்த தாளையும் சேத்துத்தானுங்க மூணு தடவையும் வேல்ல கட்டினோம், மடிச்சுக் கட்டினா சாமி எப்படிப் படிக்கும்னு அம்மா விரிச்சே கட்டச் சொன்னாங்க, நான்தான் எட்டி எல்லாருக்கும் தெரியுற மாதிரி உசரமா கட்டுனேன்."