கீரியின் டிஃப்ரென்ஷியலும் இருநூற்றுப் பன்னிரண்டு சுற்றும்

ஒரு காட்டில் காத்தமுத்து என்று ஒரு கீரி இருந்தது. அதற்குப் பவளம் என்று ஒரு மனைவியும், நான்கு குட்டிகளும், ஒரு காரும் இருந்தன. கீரி என்றால் பாம்போடு சண்டை போடும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதெல்லாம் கார் வாங்குவதற்கு முன்பு. கார் வந்த பிறகு காத்தமுத்து எஞ்சின் ஆயிலைப் பற்றி மட்டும்தான் யாரோடும் சண்டை போட்டது.

குடும்பம் குடியிருந்தது வாய்க்கால் ஓரத்தில் ஒரு பள்ளத்து வளையில். ஐப்பசி மழை தொடங்கினால் தண்ணீர் கேட்காமலே உள்ளே வந்துவிடும். போன ஐப்பசியில் கடைக்குட்டி தூங்கியபடியே மிதந்து வாசல் வரை போய்விட்டது. பவளம்தான் வாலைப் பிடித்து இழுத்துப் போட்டது. அன்றைக்கே அது சொல்லிவிட்டது.

"ஏங்க, இன்னொரு மழைய இந்த வளையில என்னால பார்க்க முடியாது. மேட்டுப் புத்து கிடைச்சா இருப்பேன். இல்லாட்டி பிள்ளைகளைக் கூட்டிட்டு எங்க அம்மா வளைக்குப் போயிடுவேன்."

மேட்டுப் புற்று என்பது அந்தக் காட்டில் வெள்ளம் ஏறாத ஒரே இடம். கரையான்கள் கட்டி, விட்டுவிட்டுப் போனது. அதில் ஒரு வருஷம் யார் குடியிருப்பது என்பதை, வைகாசியில் ஏரி வற்றியதும் ஏரிக்குள்ளேயே கால் மைல் கார்ப் பந்தயம் வைத்து முடிவு செய்வார்கள். நேராகக் கிளம்ப வேண்டும், நேராகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். மழையில் மிதப்பவர்களுக்கு வீடு கொடுக்க இதைவிட நல்ல வழி காட்டு நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதற்குப் பெயர் நிர்வாகமே இல்லை.

காட்டில் கார் இருந்தது இரண்டு பேரிடம். ஒன்று கீரி, மற்றது பெருச்சாளி சிங்காரம். போன வருஷம் இரண்டு காரும் ஒட்டினாற்போல் வந்து சேர்ந்தன. எல்லையில் கட்டியிருந்த கொடியை, காவலுக்கு நிறுத்திய வெள்ளாடு ஏற்கெனவே தின்று முடித்திருந்தது. யார் முந்தினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தயக் குழுத் தலைவரான எருமை நெடுநேரம் அசைபோட்டுவிட்டு, "பழைய குடித்தனக்காரரே இருந்துட்டுப் போகட்டும்" என்று புற்றைப் பெருச்சாளிக்கே கொடுத்துவிட்டது.

காத்தமுத்து கொதித்துப் போனது. மறுநாளே எருமையின் அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நின்று, மூன்று பிரதிகளில் ஒரு மனு கொடுத்தது. இனிமேல் கண்ணை நம்பக் கூடாது, கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். கருவிக்கு மாமன் மச்சான் கிடையாது என்று கடைசியில் தன் கைப்பட ஒரு வரியும் சேர்த்திருந்தது.

அதிசயம், மனு ஏற்கப்பட்டது. எந்தத் திட்டத்துக்கு வாங்கியது என்று மறந்தே போன சில மீட்டர்கள் அலுவலகக் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, சொன்ன எண் வந்ததும் மணி அடிக்கிற மீட்டர்கள். எருமை கணக்குப் போட்டுச் சுற்றறிக்கை விட்டது: முன் இடது சக்கரத்தில் மீட்டர் மாட்டப்படும், கால் மைலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு சுற்று, அந்த எண்ணை முதலில் தொட்டவருக்கே புற்று. காத்தமுத்து அதைப் படித்து, பெருமையில் உடம்பு சிலிர்த்து, 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. பிறகு தன் காரின் குறையைத் தீர்க்கப் புறப்பட்டது.

குறை இதுதான். அது முன் சக்கரங்கள் இழுத்து ஓடுகிற கார். கிளம்பும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு சக்கரம் மட்டும் நின்ற இடத்தில் பறக்கும், மற்றது சும்மா இருக்கும். மெக்கானிக் மரநாய் சூசை, காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி விளக்கியது.

"அண்ணே, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல டிஃப்ரென்ஷியல்னு ஒண்ணு இருக்கு. வளைவுல ஒண்ணு மெதுவாவும் ஒண்ணு வேகமாவும் சுத்தணும்ல, அதுக்கு. ஆனா உங்க வண்டில இருக்கிறது சாதா. எந்தச் சக்கரம் சறுக்குதோ, சுத்தல் எல்லாத்தையும் அதுக்கே குடுத்துரும். ஊணி நிக்கிற சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது."

"உழைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, சறுக்குறதுக்கு எல்லாமா?"

"ஆமாண்ணே. நம்ம காடு மாதிரிதான்."

சறுக்குகிற சக்கரத்தை அடக்கி, ஊன்றி நிற்பதற்கும் பங்கு தருகிற டிஃப்ரென்ஷியல்கள் உண்டு என்றும், எல்.எஸ்.டி. என்று கேட்டால் கிடைக்கும் என்றும் சூசை சொன்னது. அந்த மூன்று எழுத்தைக் கேட்ட நாளிலிருந்து காத்தமுத்துவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. எந்த வகை வாங்குவது என்பதுதான் பிரச்சினை.

முதலில் மயிலிடம் போனது. மயிலுக்கு வீடியோ சேனல் உண்டு. கார் உதிரிபாகங்களைப் பற்றித் தோகை விரித்து நின்று பேசும். அதற்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது, கார் கிடையாது, காருக்குள் உட்கார்ந்தால் தோகையைக் கதவுக்கு வெளியே விட வேண்டியிருக்கும். ஆனாலும் நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். பார்க்கிறவர்களிடமும் கார் கிடையாது என்பதால் இதுவரை சேதம் ஒன்றுமில்லை.

"பிளேட் வச்சதுதான் பிரதர்," என்றது மயில். "கிளட்ச்சுல இருக்கிற மாதிரி தட்டுத் தட்டா இருக்கும். கிளம்பும்போது ரெண்டு சக்கரத்தையும் கவ்விப் பிடிக்கும். பந்தயம்னா அதுதான். என் பேரைச் சொல்லி வாங்குங்க, சாவிக்கொத்து இலவசம்."

காத்தமுத்து சாவிக்கொத்துக்கு மயங்கிச் சூசையிடம் ஓடியது. சூசை உதட்டைப் பிதுக்கியது.

"கவ்வுங்கறது உண்மைதான். ஆனா தட்டு தேயும்ணே. தனி ஆயில் ஊத்தணும், அப்பப்பப் பிரிச்சு மாத்தணும், வளைவுல கடகடங்கும். வாரம் பூரா யாரு ஓட்டுறா?"

"பவளம்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல விடுறதுக்கு."

"குளத்தங்கரை வளைவு வழியாவா?"

"ஆமா."

"அப்ப வேண்டாம்."

"பேசாம ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து வெல்டு வச்சுட்டா? நேராப் போறதுக்கு அதைவிட உறுதி என்ன இருக்கு?"

"வைக்கலாம். நேராத்தான் போகும். குளத்தங்கரை வளைவுலயும் நேராத்தான் போகும். பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியுமா?"

காத்தமுத்து மிதந்து போன கடைக்குட்டியை நினைத்துக்கொண்டு வெல்டு யோசனையைக் கைவிட்டது. கடைசியில் சூசை சொன்னதையே எடுத்தது. பல்சக்கர வகை. தட்டு இல்லை, தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை. ஒரு சக்கரம் அடியோடு அந்தரத்தில் தொங்கினால் மட்டும் கைவிடும், மற்றபடி தெருவுக்கும் ஆகும், பந்தயத்துக்கும் ஆகும். மாட்டி முடித்ததும் சூசை பிடிப்புள்ள புது டயர்களும் போட்டுவிட்டது. பவளம் குட்டிகளை ஏற்றிக்கொண்டு குளத்தங்கரையைச் சுற்றி வந்து, "நல்லாத் திரும்புதுங்க," என்றது. இத்தனை வருஷத்தில் அது காரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், கீரி செய்தது சரியான காரியம். இந்தக் கதையில் சரியான காரியம் செய்தது அது ஒன்றுதான், அதற்கான பலனையும் அதுவே அனுபவித்தது.

பந்தய நாள் வந்தது. ஏரி வற்றியிருந்தாலும் இடது ஓரத்தில் கொஞ்சம் சேறு மிச்சமிருந்தது. பெருச்சாளி காரை அதன் மேலேயே கொண்டுவந்து நிறுத்தியது. அதற்கு எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான்.

"என்ன பங்காளி, வண்டில என்னமோ புதுசாப் போட்டிருக்கீங்களாமே?" என்று கேட்டது.

"டிஃப்ரென்ஷியல்."

"அது என்னது, சீட் கவரா?"

காத்தமுத்து காருக்குள் ஏறி உட்கார்ந்தது. இப்படிப்பட்ட முட்டாளைத் தோற்கடிப்பதில் என்ன பெருமை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டது. எருமை இரண்டு கார்களிலும் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, கொடியை அசைத்தது.

கீரியின் கார் இரண்டு முன் சக்கரங்களாலும் தரையைப் பிடித்து, நூல் பிடித்தாற்போல் கிளம்பியது. ஸ்டியரிங் துளிகூட ஆடவில்லை. பாதி வழியில் கீரி கண்ணாடியில் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி நிறுத்தி, இறங்கி, வாழ்நாளில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டது. பவளம் எங்கே என்று தேடியது. பவளம் கூட்டத்தோடு கூட்டமாகப் புறப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே பெருச்சாளியின் கார் நின்ற இடத்தில்தான் நின்றது. மீட்டர் மாட்டிய முன் இடது சக்கரம் மட்டும் சேற்றில் ஊளையிட்டுக்கொண்டு சுற்றியது. சேறு வெள்ளாட்டின் தாடி வரை தெறித்தது. கார் ஒரு சாண்கூட நகரவில்லை. பெருச்சாளிக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது கியர் வரை போட்டுவிட்டது. பத்தாவது விநாடியில் அதன் மீட்டர் இருநூற்றுப் பன்னிரண்டைத் தொட்டு, மணி அடித்தது. கீரி அப்போது ஏரியின் நடுவில் வந்துகொண்டிருந்தது.

எருமை மணியைக் குறித்துக்கொண்டு, சாவகாசமாக நடந்து வந்து கீரியின் மீட்டரைக் குனிந்து பார்த்தது.

"இருநூத்து ஒம்பது," என்றது. "மூணு சுத்து குறையுது. நீங்க இன்னும் வந்து சேரல."

"ஐயா, எல்லைக் கோட்டைத் தாண்டித்தான் நிக்கிறேன். டயர் புதுசு, கொஞ்சம் பெரிசு, அதான் குறையுது. பெருச்சாளி கிளம்பவே இல்லையே ஐயா."

"கிளம்புறதப் பத்தி சுற்றறிக்கைல எதுவும் இல்லையே."

"கண்ணு இருக்கிற யாரை வேணும்னாலும் கேளுங்க."

எருமை கோப்புக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டியது. "கண்ண நம்பக் கூடாதுன்னு மூணு பிரதி குடுத்தது நீங்கதானே? இது உங்க கையெழுத்துதானே?"

கையெழுத்து அதனுடையதுதான். காத்தமுத்து தாளைத் திருப்பிக் கொடுத்தது. மேல்முறையீடு உண்டா என்று கேட்டது. உண்டு, வரிசையில் நின்று படிவம் வாங்க வேண்டும், விசாரணை மார்கழியில் என்றது எருமை. மார்கழி வருவதற்குள் ஐப்பசி வந்துவிடும் என்பது எருமைக்கும் தெரியும். அது மழையில் நனைய ஆசைப்படுகிற பிராணி.

வென்றவரைக் காரோடு புற்று வரை ஊர்வலமாக அழைத்துப் போவது வழக்கம். ஆனால் பெருச்சாளியின் கார் அச்சு வரை புதைந்திருந்தது. பத்துப் பேர் தள்ளியும் அசையவில்லை. இழுக்க ஒரு கார் வேண்டும், அதுவும் சேற்றில் சறுக்காத கார். எல்லோரும் கீரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காத்தமுத்து முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல சாமானை மாட்டியவர்களுக்கு, அது வேலை செய்வதை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. கயிறு கட்டியது. ஒரே இழுப்பில் பெருச்சாளியின் கார் வெளியே வந்தது. கூட்டம் கைதட்டியது, பெருச்சாளிக்கு. மேளம் கொட்ட, மயில் வீடியோ எடுக்க, கீரி முன்னால் இழுக்க, பெருச்சாளி பின்னால் மாலையோடு உட்கார்ந்து வந்தது. மேட்டின் செங்குத்தான ஏற்றத்தில்கூட ஒரு சக்கரமும் பிசகவில்லை.

புற்று வாசலில் இறங்கிய பெருச்சாளி, கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்டது.

"வண்டி நல்லா இழுக்குதே பங்காளி. அப்படி என்னதான் போட்டிருக்கீங்க?"

காத்தமுத்து கயிற்றைச் சுருட்டிக் காருக்குள் போட்டது.

"சீட் கவர்," என்றது.

ஐப்பசியில் வழக்கம்போல் வளைக்குள் தண்ணீர் வந்தது. பவளம் அம்மா வளைக்குப் போகவில்லை, அம்மா வளையிலும் தண்ணீர். ஆறு பேரும் ஏரிக்கரை மேல் காரை நிறுத்தி அதற்குள்ளேயே சுருண்டு கிடந்தார்கள். மூன்றாம் நாள் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். எருமையின் ஆள். சிங்காரம் ஐயாவின் கார் மேட்டிலிருந்து வழுக்கிச் சேற்றில் இறங்கிவிட்டதாம், கொஞ்சம் வந்து இழுத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். கீரி பவளத்தைப் பார்த்தது. பவளம் கடைக்குட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டது. கீரி சாவியைத் திருகியது.

நீதி: சறுக்காத சக்கரம் ஒன்று ஊருக்குக் கட்டாயம் வேண்டும்; சறுக்கியே ஜெயித்தவரை வீடு வரை இழுத்துக்கொண்டு போக.